திரும்பவும் போக வேண்டிய நிகழ்ச்சிகள்

திருவாரூர் மாவட்டத்தில், திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கம் என்ற ஊரில் கோடையில் நெல் திருவிழா நடக்கும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காட்டிய வழியில் வந்த நெல் ஜெயராமன் 2006-ல் தொடங்கி வைத்த விழா அது. அங்கே வரும் உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்கள். மறு ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி என்று 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டெடுக்க இந்த ஏற்பாடு பெரிதும் கைகொடுத்தது. 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தார். அவர் கொடுத்த விதை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

வார இறுதியில் நல்ல காரியம் ஒன்றில் சேர நினைப்பவருக்கு இப்போது அழைப்புகளுக்குக் குறைவில்லை. ஏரி சுத்தம், மரம் நடுதல், கடற்கரைத் தூய்மை, விதைப்பந்து வீசுதல் என்று கைபேசியில் வந்து விழுந்தபடி இருக்கின்றன. எதற்குப் போவது, எதை விடுவது? அந்த 4 கிலோ நெல்லை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: இது முடிந்த பிறகு என்னிடம் ஏதாவது கடமை மிஞ்சுமா? இதே இடத்துக்கு இதே ஆட்கள் மறுபடியும் வருவார்களா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் தயங்காமல் கிளம்புங்கள். பனியனும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து, குழுவாகப் படம் எடுத்து, மதியச் சாப்பாட்டோடு அனுப்பிவிடுகிற நிகழ்ச்சிகளுக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டாம்.

சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்தே இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் எழுதுகிறேன். கோவையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் இடப்பெயரை மாற்றிக்கொண்டு படிக்கலாம், வேலை ஒன்றுதான்.

ஆமை நடை: ஜனவரி முதல் ஏப்ரல் வரை

சென்னைக்காரர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது போக வேண்டியது இது. தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வருகின்றன. 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இங்கே இரவு நடையைத் தொடங்கினார்கள். 1988-ல் கல்லூரி மாணவர்கள் ஒன்று சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினார்கள். எஸ்.எஸ்.டி.சி.என். என்ற சுருக்கப் பெயர்தான் ஊரில் பழக்கம். பருவம் முழுக்க, இரவு தவறாமல், அவர்களின் தொண்டர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நடை நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியற்காலை வரை போகும். ஆகவே பகலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவது நல்லது. அடர்நிற உடை உடுத்துங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். டார்ச் வேண்டாம், கைபேசியின் வெளிச்சமும் கூடாது. கரையேறும் தாய் ஆமை வெளிச்சத்தையும் நடமாட்டத்தையும் கண்டால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். நடத்திச் செல்பவர் முன்னால் போக, நீங்கள் அவருக்குப் பின்னால் நீரோரமாகவே நடங்கள். சில நிமிடங்களில் கண் இருட்டுக்குப் பழகிவிடும்.

ஆமையைப் பார்ப்பது அரிது. பெரும்பாலும் கிடைப்பது அதன் தடம்தான். நீரிலிருந்து ஏறி, மணல்மேட்டைத் தொட்டு, மறுபடி நீருக்கே இறங்கும் அகலமான தடம். இரு தடங்களுக்கும் நடுவில் மணல் கலைந்திருக்கும் இடத்தில் முட்டைக்குழி இருக்கும். அனுபவமுள்ளவர் குச்சியை மெல்ல இறக்கி, மணல் இளகுகிற புள்ளியைக் கண்டுபிடிப்பார். பிறகு கையால் தோண்டுவார்கள். ஒரு குழியில் 100, 120 முட்டைகள் வரை இருக்கும். அவற்றை எண்ணி, குழியின் ஆழத்தை அளந்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்து வைப்பார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளியே வரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பொரிக்கும். ஆகவே பொரிப்பகத்தை எங்கே அமைப்பது என்பதிலிருந்தே கவனம் தொடங்கிவிடுகிறது.

முட்டைகளை ஏன் இடம் மாற்ற வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். குஞ்சு பொரித்ததும் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடும். ஆதி காலத்திலிருந்து இரவில் கடல்தான் கரையைவிட வெளிச்சமாக இருந்தது. இப்போது சாலை விளக்கும் மாடிக் கட்டடங்களும் அதைவிடப் பிரகாசமாக எரிகின்றன. குஞ்சுகள் சாலைப் பக்கம் திரும்பி, நாய்க்கும் காக்கைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகின்றன. கடலோரத்தில் வீடோ கடையோ உள்ளவர்களுக்கு இங்கே உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது: ஜனவரி முதல் மே வரை, கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள். உங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடி விளக்குக்காகச் சங்கக் கூட்டத்தில் சண்டை போடுங்கள். ஆமை நடையில் ஓர் இரவு நடந்துவிட்டு வந்தவரின் பேச்சுக்கு அந்தக் கூட்டத்தில் வலு கூடும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா? இரவு முழுக்க மணலில் நடக்கத் தெம்புள்ள பிள்ளைகளை அழைத்து வாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு, மார்ச் மாதத்துக்குப் பிறகு மாலை நேரத்தில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காட்டுவதே பொருத்தம். அங்கேயும் தொடக்கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது. கடலாமை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையின் அனுமதி பெற்றவரைத் தவிர வேறு யாரும் முட்டையையோ குஞ்சையோ கையாள்வது குற்றம்.

செத்த ஆமையையும் பார்ப்பீர்கள். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்ததே, இரவுதோறும் நடந்து எண்ணுகிறவர்கள் இருந்ததால்தான். நடையில் செத்த ஆமையைக் கண்டால் அதை அளந்து குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பேட்டைப் பிடித்துக்கொள்ளும்படி உங்களிடம் சொன்னால் பெருமையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பறவை எண்ணுதல்

பொங்கல் விடுமுறையில் 4 நாட்கள், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. 2015-ல் தொடங்கியது. இதில் எனக்குப் பிடித்த அம்சம், எங்கேயும் போக வேண்டியதில்லை என்பதுதான். பாட்டி வீட்டுக் கொல்லை, ஊர்க் கண்மாய்க் கரை, அடுக்ககத்தின் மொட்டைமாடி, எதுவும் சரி. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட, காதில் விழுந்த எல்லாப் பறவைகளையும் எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். பிப்ரவரியில் இதே முறையில் ஊர்ப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு வரும்.

‘எல்லாப் பறவைகளையும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாக வருபவர்கள் காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு மாங்குயிலை மட்டும் எழுதுவார்கள். இதில் காக்கைக்கும் மாங்குயிலுக்கும் ஒரே மதிப்பு. இன்று நாம் சாதாரணம் என்று நினைக்கும் பறவை 10 ஆண்டு கழித்துக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க, இன்றைய எண்ணிக்கை வேண்டும். அதே இடத்தில், அதே நேரத்தில், ஆண்டுதோறும் நின்று எண்ணுகிறவரின் பட்டியல்தான் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படும். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம். தெரியவில்லை என்று விட்டுவிடலாம்.

துணையோடு கற்றுக்கொள்ள விரும்பினால் சென்னை இயற்கையாளர் சங்கத்தின் நடைகளுக்குப் போங்கள். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி என்றால்தான் எல்லோருக்கும் புரியும். 1978 முதல் இயங்குகிறது. மூத்த உறுப்பினர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். குளிர்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் தவற விடாதீர்கள். பூநாரை, கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, பலவகை வாத்துகள் என்று ஒரே காலையில் கண் நிறையும். ஒருபக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, நடுவே துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை, சுற்றிலும் கட்டடங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் பரந்து கிடந்த சதுப்பில் மிஞ்சியது இவ்வளவுதான். 2022-ல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. மழைநீர் தென்சென்னையிலிருந்து கடலுக்குப் போகும் வழியில் தங்கிச் செல்லும் இடம் அது என்பதை, தொலைநோக்கியில் வாத்து பார்த்தபடியே பக்கத்தில் நிற்கும் பெரியவர் உங்களுக்குச் சொல்லிவிடுவார். வேளச்சேரியில் வீட்டுக்குள் ஏன் தண்ணீர் வருகிறது என்று அங்கே நின்று பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும்.

கடற்கரைத் தூய்மை

அதிகம் பேர் முதலில் போகிற நிகழ்ச்சி இதுதான். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகமெங்கும் கடற்கரைத் தூய்மை நாளாக நடத்தப்படுகிறது. அன்றைக்கு மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கூட்டம் அலைமோதும். நான் சொல்வது: அன்றைக்குப் போகாமல், மாதந்தோறும் சத்தமில்லாமல் சுத்தம் செய்யும் சிறு குழு ஒன்றைத் தேடிச் சேருங்கள். ஏரிகளில் வேலை செய்கிற குழுக்களும் இதுபோல உண்டு. கோவையில் கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறு காலைகளில் குளக்கரையில் கூடுகிறார்கள்.

சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: மூட்டைகள் இங்கிருந்து எங்கே போகும்? கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கோ பெருங்குடிக்கோ அப்படியே போகுமென்றால், குப்பையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியதுதான் மிச்சம். நல்ல குழு அங்கேயே தரம் பிரிக்கும். கண்ணாடி தனி, துணி தனி, வலைத்துண்டு தனி, பிஸ்கட் உறையும் குட்கா உறையும் தனி. அந்த உறைகளை எந்த நிறுவனத்துடையது என்று பார்த்து எண்ணுகிற குழுவானால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. அப்படியும் பொட்டல உறைகள் மணலில் எவ்வளவு கிடக்கின்றன என்பதற்கு இப்படி எண்ணி எழுதிய தாள்தான் சாட்சி. அதை மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்ப முடியும்.

கையில் தோட்ட வேலைக்குரிய துணிக் கையுறை, காலில் மூடிய செருப்பு, தலையில் தொப்பி அல்லது துண்டு. காலை 6 மணிக்குத் தொடங்கி 8-க்குள் முடித்துவிட வேண்டும். ஊசி, மருத்துவக் கழிவு கண்ணில் பட்டால் தொடாமல் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். அடும்புக் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்கிவிடாதீர்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசியும் குப்பை அல்ல. நண்டுக்கும் பறவைக்கும் அதில் உணவு இருக்கிறது. சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்க் கால்வாய்க்குள்ளோ இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிறர் இறங்குவதையும் தடுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கி வேலை வாங்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படியும் இறங்கிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்கவே கூடாது.

அதே மணலை நாள்தோறும் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள் அங்கே இருப்பார்கள். முதலில் அவர்களிடம் போய்ப் பேசுங்கள். எந்த மூலையில் குப்பை சேர்கிறது, எந்தக் கிழமையில் அதிகம், எந்தத் தொட்டி நிறைந்து வழிகிறது என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்குக் கையுறை கொடுக்கப்பட்டிருக்கிறதா, குடிநீரும் கழிப்பறையும் இருக்கிறதா, சம்பளம் மாதந்தோறும் வருகிறதா என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்களைக் கேட்டுவிட்டு வெறுமனே வீடு திரும்பக் கூடாது. உங்கள் பகுதி மாமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் பத்தி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் மரம் நடுதல்

போகாதீர்கள். சென்னையில் ஜூன் மாதம் கோடையின் உச்சத்தை ஒட்டியது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஜூனில் நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் ஆடிக்குள் காய்ந்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் நடுகிற குழுவோடு போங்கள். புங்கன், பூவரசு, புன்னை, நாவல், இலுப்பை என்று இந்த மண்ணுக்கு உரியதா என்று பாருங்கள். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யார் ஏற்கிறார் என்று பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் திரும்பி வந்துவிடலாம். சதுப்பிலும் புல்வெளியிலும் கடற்கரை மணல்மேட்டிலும் மரம் நடவே கூடாது. ஆமை முட்டையிடும் மணலில் சவுக்கு நட்டது ஏற்கெனவே பெரிய பிழை. பனம்பழம் விழும் காலத்தில் ஏரிக்கரைகளில் பனைவிதை நடும் குழுக்கள் பல ஊர்களில் கிளம்புகின்றன. அவற்றோடு தாராளமாகப் போகலாம்.

ஊரூர் ஆல்காட் குப்பம்

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வடக்கே, அடையாறு கடலில் சேருமிடத்தை ஒட்டி இருக்கும் மீனவ ஊர் அது. 2015-ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலானவர்கள் ஊராரோடு சேர்ந்து அங்கே ஒரு கலைவிழாவைத் தொடங்கினார்கள். சபாக்களில் மட்டும் கேட்கிற கர்நாடக இசையும், சபாக்கள் இடம் கொடுக்காத பறையும் கூத்தும் ஒரே மேடையில் வந்தன. ஊரைத் துப்புரவாக்கும் வேலையும் விழாவோடு சேர்ந்தே நடந்தது.

இந்த நூலில் இதற்கு இடம் கொடுக்கக் காரணம், விருந்தாளியாகப் போவது எப்படி என்று கற்றுத்தரும் இடம் அது என்பதுதான். பெசன்ட் நகரில் குடியிருந்தும் சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குப்பத்துக்குள் ஒருமுறைகூடக் காலடி வைக்காதவர்கள் பலர். சுற்றுச்சூழல் என்று பேசுகிறவர்கள் கடலைப் பற்றிப் பேசுவார்கள்; கடலில் வேலை செய்கிறவர்களோடு பேச மாட்டார்கள். மீனவ ஊரில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முறையாகக் கேட்டு நடக்கிறதா என்று பாருங்கள். வலை உலர்த்தும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். கேட்காமல் வீட்டையோ பெண்களையோ குழந்தைகளையோ படம் எடுக்காதீர்கள். மீன் வாங்குங்கள்; பேரம் பேசாமல் வாங்குங்கள். மீன் விற்கும் அக்காவிடம் எந்த மீன் இப்போது பருவம் என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் சிறு படகில் போய் வருகிறவர்களிடம் வாங்குவது நேரடியாக ஓர் உதவி.

சபைகளும் கருத்துக் கேட்புக் கூட்டங்களும்

இவற்றை ‘நிகழ்ச்சி’ என்று யாரும் அழைப்பிதழ் அனுப்ப மாட்டார்கள். சுவரொட்டியும் இருக்காது. ஆனால் ஊரின் ஏரி, குப்பை, காற்று பற்றிய முடிவுகள் இங்கேதான் ஏட்டில் ஏறுகின்றன. கடற்கரையில் 10 முறை குப்பை பொறுக்கியவர் ஒருமுறையாவது இதற்கு வர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரி, வரத்துக் கால்வாய், ஆக்கிரமிப்பு பற்றிப் பேச அந்தக் கூட்டம் ஏற்றது. பேசினால் மட்டும் போதாது. நீங்கள் சொன்னதைத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிற வழக்கம் எங்காவது தென்பட்டால் உரக்கச் சொல்லுங்கள். மாநகராட்சி, நகராட்சிகளில் 2022 முதல் பகுதி சபைகள் இருக்கின்றன. தேதியை வார்டு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். நடக்கவில்லையென்றால் ஏன் நடக்கவில்லை என்று எழுதிக் கேட்பதே உங்கள் முதல் பங்களிப்பு.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இதைவிடக் கனமானது. அனல்மின் நிலையம், துறைமுகம், சுரங்கம், ரசாயன ஆலை முதலான பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்குமுன், 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி இந்தக் கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தியாக வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும்; ஆட்சியர் அலுவலகத்திலும் வாரியத்தின் அலுவலகத்திலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அந்த 30 நாட்களே உங்கள் வேலை நாட்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு, அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். குளம் இருக்கும் இடத்தைத் தரிசு என்று காட்டியிருக்கிறார்களா? மீன் பிடிக்கும் இடம் வரைபடத்தில் விடுபட்டிருக்கிறதா? கிணற்றுத் தண்ணீரின் தரத்தை எந்த மாதத்தில் சோதித்தார்கள்? இப்படி ஒரே ஒரு பிழையைக் கையோடு பிடித்துக்கொண்டு போனாலும் போதும்.

கூட்டத்தில் பெயர், ஊர் சொல்லி, ஒரே விஷயத்தைச் சுருக்கமாகப் பேசுங்கள். அதையே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நேரில் வர முடியாதவர்கள் எழுத்துமூலம் அனுப்பலாம். கடைசியில் பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை மக்கள் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை எழுந்து போகாதீர்கள். இன்னொன்று: நகரத்திலிருந்து போகிறவர்கள் முதலில் ஒலிவாங்கியைப் பிடிக்க வேண்டாம். வடசென்னையின் எண்ணூரில் கூட்டம் என்றால் எண்ணூர் மீனவர் முதலில் பேசட்டும். அனல்மின் நிலையத்தின் சாம்பலோடு ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்கள் அவர்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோது அதைக் கையால் வழித்தெடுத்தவர்களும் அவர்களே. சென்னையில் பசுமை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் தெற்கே நடக்கின்றன. புகையும் சாம்பலும் வடக்கே விழுகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறாவது வடக்கே போகிற வண்டியில் ஏறுங்கள்.

உங்கள் தெருவில்: பழுது பார்க்கும் நாள்

மற்றவர் நடத்துவதற்குப் போய்ப் பழகியபின் சொந்தமாக ஒன்று தொடங்க ஆசை வரும். எளிதாகத் தொடங்கக்கூடியது பழுது பார்க்கும் நாள். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, பெங்களூரு வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் முறையில் தன்னார்வலர்கள் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. குடை தைப்பவர், செருப்புத் தைப்பவர், மிக்ஸி சரிசெய்பவர், கத்தி சாணை பிடிப்பவர், பழைய துணி ஆல்டர் செய்யும் தையல்காரர் என்று எல்லோரும் நம் தெருமுனையிலேயே இருக்கிறார்கள். வேலை குறைந்து அவர்கள் தொழிலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களையே கூட்டி, உட்கார இடம் கொடுத்து, வேலையைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பே அவர்களைப் போய்ப் பாருங்கள். எந்த நாள் அவர்களுக்கு வசதி என்று கேட்டு அதன்படி தேதி வையுங்கள். வேலை வந்தாலும் வராவிட்டாலும் ஒரு நாள் கூலியைக் குடியிருப்போர் சங்கம் உறுதி செய்ய வேண்டும். வேலைக்கு ஆகும் காசு அதற்கு மேல், வழக்கமான விலையில். வீட்டுக்கு வீடு துண்டுச்சீட்டு கொடுத்து, என்னென்ன பழுதாகிக் கிடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். மிக்ஸி எத்தனை, குக்கர் எத்தனை, மின்விசிறி எத்தனை என்று தெரிந்தால் கேஸ்கட், கார்பன் பிரஷ், கண்டன்சர் முதலானவற்றை மெக்கானிக் கையோடு வாங்கி வருவார். பாதி வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

நிழலும் மின் இணைப்பும் இருக்கும் இடமாகப் பாருங்கள். அடுக்ககத்தின் வண்டி நிறுத்தும் தளம் போதும். மின்சாதன மேசையிடம் குழந்தைகள் நெருங்காதபடி கயிறு கட்டுங்கள். சாதனத்தைப் பெற்றுக்கொள்ளும்போதே பெயரெழுதிய சீட்டை ஒட்டிவிட வேண்டும். சரிசெய்ய முடியாதவற்றைத் தனியாகச் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள். செம்புக்காகக் கம்பியை எரிப்பவர் கைக்குப் போகவிடாதீர்கள். தையல்காரருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தைக் கொடுங்கள். எல்லோருக்கும் சாப்பாட்டை ஒரே பந்தியில் போடுங்கள். மாலையில் கூலியை மேசையிலேயே, கையில் எண்ணிக் கொடுத்து, அடுத்த தடவை எந்த மாதம் வர முடியும் என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.